ஆப்பு வாங்காம வெளிநாடு போக சில ஆப்புகள்

நாலு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. ஆபீஸ்ல ஆணி அதிகம்.

எங்க ஊர் கம்மாபுரம். விருத்தாசலம் பக்கம். விருத்தாசலம்னா பீங்கான், முந்திரி, ரயில்வே ஜங்ஷன் இந்த மூணும்தான் வெளியூர்க்காரங்களுக்கு ஞாபகம் வரும். எங்களுக்கு நாலாவதா ஒண்ணு உண்டு: வெளிநாடு. தெருவுக்கு ரெண்டு வீட்ல யாராவது ஒருத்தர் சிங்கப்பூர்லயோ மலேசியாவுலயோ துபாய்லயோ இருப்பாங்க. அதனால லீவுக்கு ஊருக்குப் போனா, "தம்பி நீ கம்ப்யூட்டர்ல தான வேலை பாக்குற, ஒரு டிக்கெட் போட்டுக் குடேன்"னு ஆரம்பிச்சு பாஸ்போர்ட், விசா, சிம் கார்டு வரைக்கும் கேள்வி வரும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி அலுத்துப்போய் மொத்தத்தையும் ஒரே பதிவா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். உங்க வீட்லயும் யாராவது கேப்பாங்க, அப்ப இந்தச் சுட்டியைக் கொடுத்துடுங்க.

முதல்லயே ஒண்ணு. சிக்கனமா வெளிநாடு போறதுன்னா மலிவு டிக்கெட் தேடறதுன்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. டிக்கெட்ல மிச்சம் பிடிச்ச ரெண்டாயிரத்தை, வேற நாலு ஓட்டை வழியா நாலாயிரமா விட்டுட்டு வர்றவங்கதான் ஜாஸ்தி. அந்த ஓட்டைங்கள ஒவ்வொண்ணா பாப்போம்.

1. பாஸ்போர்ட்

சாதாரண 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு அரசாங்கக் கட்டணம் 1500 ரூபாய். தட்கல்னா இன்னொரு 2000 சேரும். அவ்வளவுதான். வெளியுறவுத்துறையோட பாஸ்போர்ட் சேவா தளத்துலயோ, எம்பாஸ்போர்ட் சேவா ஆப்லயோ நாமளே விண்ணப்பிக்கலாம். 2017-லேர்ந்து தபால் ஆபீஸ்லயே பாஸ்போர்ட் சேவை மையம் திறக்க ஆரம்பிச்சாங்க, அதனால எல்லாத்துக்கும் சென்னைக்கு ஓட வேண்டியதில்ல. கூகுள்ல தேடும்போது அரசாங்கத் தளம் மாதிரியே வேஷம் போட்ட தளங்கள் வரும். முகவரியோட கடைசியில 'கவ் டாட் இன்' இருக்கான்னு பாத்துட்டு கார்டு நம்பரைப் போடுங்க.

2. இலவசத்துக்குக் காசு வாங்கும் கடை

இது புது மாதிரி ஓட்டை. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரைக்கும் விசா வேண்டாம்னு சொல்லிடுச்சு, 2026 டிசம்பர் 31 வரைக்கும் அதை நீட்டிச்சும் இருக்கு. ஆனா 2024 ஜனவரி 1-லேர்ந்து டிஜிட்டல் வருகை அட்டைன்னு ஒண்ணு நிரப்பணும், போய் இறங்குறதுக்கு முன்னாடி மூணு நாளுக்குள்ள. சிங்கப்பூருக்கும் இதே மாதிரி அட்டை இருக்கு (அங்க விசாவும் எடுக்கணும்). தாய்லாந்து 2025 மே 1-லேர்ந்து கொண்டுவந்திருக்கு.

இந்த மூணு அட்டையும் முழுக்க இலவசம். அந்தந்த நாட்டுக் குடிநுழைவுத் துறைத் தளத்துல பத்து நிமிஷ வேலை. இதுக்கும் காசு கேக்குற போலித் தளங்கள் நிறைய. பணம் கட்டுற பக்கம் வந்துச்சுன்னா தப்பான இடத்துக்கு வந்துட்டீங்கன்னு அர்த்தம், உடனே மூடிடுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி விசா விதியையும் ஒரு தடவை பாத்துக்குங்க, இதெல்லாம் அடிக்கடி மாறும்.

3. டிக்கெட்

கூகுள் ஃப்ளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் ரெண்டும் போதும். கூகுள் ஃப்ளைட்ஸ்ல தேதிக் கட்டத்தைத் திறந்தா மாசம் முழுக்க எந்த நாள்ல என்ன விலைன்னு வரிசையா காட்டும். லீவை ஒரு நாள் தள்ளிப் போட முடிஞ்சா நல்ல வித்தியாசம் கிடைக்கும். தேடறதை இங்க வெச்சுக்குங்க, வாங்கறதை முடிஞ்சவரைக்கும் விமானக் கம்பெனியோட சொந்தத் தளத்துல வெச்சுக்குங்க. ரத்து, தேதி மாத்தறதுன்னு ஏதாவது வந்தா நடுவுல ஒருத்தர் இருக்கமாட்டார்.

எங்க ஊர் ஆளுங்களுக்கு ஒரு கூடுதல் டிப்ஸ்: சென்னையோட நிறுத்திடாம திருச்சியையும் போட்டுப் பாருங்க. விருத்தாசலத்துல ரயில் ஏறினா ரெண்டு மணி நேரம் சொச்சத்துல திருச்சி. அங்கேர்ந்து கோலாலம்பூர், சிங்கப்பூர் ரெண்டுக்கும் நேரடி விமானம் இருக்கு. சென்னை டிக்கெட் கொஞ்சம் மலிவாத் தெரிஞ்சாலும், ஊர்லேர்ந்து மீனம்பாக்கம் போய்ச் சேர்ற செலவையும் கூட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. மலிவு விமானத்துல பெட்டிக்குத் தனிக் காசு. அதை டிக்கெட் போடும்போதே சேத்து வாங்கிடுங்க. ஏர்போர்ட் கவுண்டர்ல வாங்கினா கண்ணுல தண்ணி வந்துடும். அம்மா கட்டிக் கொடுக்கற முறுக்கு, ஊறுகாயோட எடையையும் சேத்துக்கணும் மக்களே!

விமானத் தளங்கள்ல வராத ஒரு வழியும் நம்ம பக்கத்துல இருக்கு. நாகப்பட்டினத்துலேர்ந்து இலங்கை காங்கேசன்துறைக்குக் கப்பல். 2023 அக்டோபர் 14-ல ஆரம்பிச்சு, சில நாள்லயே நின்னு, 2024 ஆகஸ்ட் 16-லேர்ந்து மறுபடி விட்டாங்க. காங்கேசன்துறையில இறங்கினா யாழ்ப்பாணம் பக்கம்தான். மழைக்காலத்துல நிறுத்திடுவாங்க, அதனால தேதியைப் பாத்துட்டு மூட்டை கட்டுங்க.

4. பணம்

பெரிய ஓட்டையே இதான். நம்ம ஊர் சாதாரண கார்டை வெளிநாட்டுல தேய்ச்சா, பல பேங்க் 3.5 சதவீதம் வரைக்கும் தனியா எடுத்துக்கும். அதுக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டி. 50,000 ரூபாய் செலவு பண்ணா 1750, அதுக்கு வரி 315, மொத்தம் 2065 ரூபாய் சும்மா போயிடும். இந்தக் கட்டணம் இல்லாத கார்டுங்களும் இருக்கு, கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே உங்க பேங்க்ல கேட்டு வாங்கி வெச்சுக்குங்க.

அடுத்தது கடைக்கார மெஷின் கேக்கற கேள்வி: "இந்திய ரூபாயில கட்டறீங்களா, ரிங்கிட்ல கட்டறீங்களா?" ரூபாயைப் பாத்தவுடனே பாசம் பொங்கி அதை அமுக்குவோம். வேண்டாம். ரூபாய்னு சொன்னா மாத்து விலையை அந்த மெஷின்காரன் வைப்பான், அது எப்பவும் அவனுக்கு லாபமாத்தான் இருக்கும். கண்ணை மூடிக்கிட்டு அந்த ஊர் காசையே அமுக்குங்க. எக்ஸ்இ ஆப்ல அன்னிக்கு உண்மையான மாத்து விலை என்னன்னு பாத்துக்கலாம்.

நம்ம யூபிஐயும் கொஞ்சம் கொஞ்சமா கடல் தாண்டுது. 2021-ல பூட்டான், 2024 பிப்ரவரியில இலங்கை, மொரிஷியஸ், அதே மாசம் பாரிஸ் ஈஃபில் கோபுரம். சிங்கப்பூர்ல இருக்கறவங்க வீட்டுக்குப் பணம் அனுப்ப 2023 பிப்ரவரியில யூபிஐ - பேநௌ இணைப்பு வந்துச்சு. எல்லா பேங்க்லயும் எல்லாக் கடையிலயும் வேலை செய்யும்னு நம்பிப் போகாதீங்க, கையில கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

5. போன், வழி, பேச்சு

ஏர்ஏலோ மாதிரி ஆப்ல இ-சிம் வாங்கலாம். உங்க போன் இ-சிம் ஏத்துக்குமான்னு முதல்ல பாருங்க. ரெண்டு வாரத்துக்கு மேல தங்கறதுன்னா அந்த ஊர் சிம்மையும் விலை கேட்டுப் பாத்துடுங்க. இந்திய சிம்மைக் கழட்டிப் போட்டுடாதீங்க, பேங்க் ஓடிபி அதுலதான் வரும். டேட்டாவை மட்டும் அணைச்சு வைங்க.

கூகுள் மேப்ல போற ஊரை முன்னாடியே இறக்கி வெச்சுக்கலாம். ஆர்கானிக் மேப்ஸ் முழுக்க நெட் இல்லாமலே ஓடும், விளம்பரமும் கிடையாது. மலேசியா, சிங்கப்பூர்ல டாக்சிக்கு கிராப். ஏறுறதுக்கு முன்னாடியே விலை தெரிஞ்சுடும், பேரம் பேச வேண்டாம். கூகுள் மொழிபெயர்ப்புல 2011-லேர்ந்து தமிழ் இருக்கு. போர்டுக்கு நேரா கேமராவைக் காட்டினா போதும்.

6. யாரும் சொல்லாத ஆப்பு

இந்த மாதிரிப் பட்டியல் எல்லாம் சுத்திப் பாக்கப் போறவங்களுக்குன்னு எழுதறது. ஆனா எங்க ஊர்ல ரூபாயை எண்ணி எண்ணிச் செலவு பண்ணி வெளிநாடு போறவங்க யாரு? வேலைக்குப் போறவங்கதான். அவங்களுக்கான ஆப் பேரு இ-மைக்ரேட். வெளியுறவுத்துறையோடது. தளம் ரொம்ப வருஷமா இருக்கு, 2024 அக்டோபர்ல புதுப்பிச்சு மொபைல் ஆப்பும் விட்டாங்க.

எங்க பெரியம்மா பையனுக்கு மலேசியாவுல வேலைன்னு ஒரு ஏஜென்ட் சொல்லியிருக்கார். ஒரு லட்சத்து இருபதாயிரம் கேக்குறார். "விசாவே வேண்டாம் தம்பி, டூரிஸ்டா போய் இறங்கு, அங்க பர்மிட் மாத்திக்கலாம்"ங்கறார். மேலே சொன்ன அதே 30 நாள் சலுகைதான்! அது சுத்திப் பாக்கறதுக்கு. அதுல போய் வேலை செஞ்சா சட்டவிரோதம், பிடிச்சா உள்ள போறது ஏஜென்ட் இல்ல, இவன்தான்.

ரெண்டு பேரும் உக்காந்து இ-மைக்ரேட்ல தேடினோம். பதிவு பண்ண ஏஜென்ட் பட்டியல் அதுல இருக்கு, சட்டவிரோத ஏஜென்ட் பட்டியல் தனியா இருக்கு. நம்ம ஆள் பேரு முதல் பட்டியல்ல இல்ல. தம்பி பத்தாவது முடிக்கல, அதனால அவன் பாஸ்போர்ட் இசிஆர் வகை. அந்த வகைக்காரங்க வேலைக்குப் போறப்ப குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டிய 18 நாடுகள்ல மலேசியாவும் ஒண்ணு. பதிவு பண்ண ஏஜென்ட் சேவைக் கட்டணமா 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம்னு விதியே இருக்கு. முறையாப் போனா பிரவாசி பாரதிய பீமா யோஜனான்னு ஒரு காப்பீடு உண்டு: ரெண்டு வருஷத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய், விபத்துல உயிர் போனாலோ ஊனமானாலோ 10 லட்சம். டூரிஸ்டா போறவனுக்கு இது எதுவும் கிடையாது.

தம்பி ஏஜென்ட்டுக்குப் போன் பண்ணி லைசென்ஸ் நம்பர் கேட்டான். "நம்பிக்கை இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்க"ன்னு வெச்சுட்டார். பெரியம்மாவுக்கு இப்ப என் மேலதான் கோபம். "பக்கத்துத் தெரு பையன் இதே மாதிரிப் போய் மாசாமாசம் பணம் அனுப்புறான், நீ படிச்சவன்னு பேசி இவன் பொழப்பைக் கெடுக்குற"ன்னு திட்டுது. நல்லபடியா இருக்கறவன் அனுப்பற பணம் தெருவுக்கே தெரியுது. மாட்டினவன் கதை வீட்டைத் தாண்டி வர்றதில்ல. இதை எப்படிப் புரிய வைக்கறதுன்னு எனக்குத் தெரியல. பணம் இன்னும் கைமாறல, அதுவரைக்கும் சந்தோஷம். தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துல (1978-லேர்ந்து இருக்கு) பதிவு பண்ணச் சொல்லியிருக்கேன். நேரம் ஆகும், ஆனா கடன் வாங்க வேண்டாம்.

உங்க ஊர்லயும் இப்படி யாராவது கிளம்பறதா இருந்தா ரெண்டு வேலை பண்ணுங்க. இ-மைக்ரேட்ல ஏஜென்ட் பேரைத் தேடுங்க. சந்தேகம்னா பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவுக்கு 1800 11 3090, இலவச நம்பர், பணம் கட்டறதுக்கு முன்னாடி பேசச் சொல்லுங்க.

பி.கு: நான் விட்ட ஆப் ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல போடுங்க. பெரியம்மாவைச் சமாதானப்படுத்த ஆப் இருந்தா தனி மடல்ல அனுப்பவும் :-)