நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதி: தலைகளும் வாக்குகளும்

மக்களாட்சி பற்றி எழுதுவோர் கட்சிகளைப் பற்றி நிரம்ப எழுதுவர். தலைவர்களைப் பற்றி அதனினும் மிகுதியாக எழுதுவர். தொகுதி நிர்ணயம் பற்றி எழுதுவார் அரியர். வரைபடம், குடிசன மதிப்பீட்டு அறிக்கை, ஓர் ஆணைக்குழு ஆகிய மூன்றும் கூடிச் செய்யும் சலிப்பூட்டும் அலுவலாகவே அது கருதப்பட்டு வந்துள்ளது. ஆயினும், இலங்கையின் மலைநாட்டைப் பொறுத்தவரை, எல்லைக்கோடு எவ்விடத்தில் வரையப்பட்டது, அக்கோட்டினுள் யாவர் எண்ணப்பட்டனர், எண்ணப்பட்டோருள் யாவர் வாக்களித்தனர் என்னும் வினாக்களுள் ஒரு சமூகத்தின் வரலாறே அடங்கிக் கிடக்கின்றது. அதனை ஆராய்தற்கு நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதியினும் பொருத்தமான இடம் பிறிதொன்றில்லை எனலாம்.

அட்டன், டிக்கோயா, கொட்டகலை, தலவாக்கலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா என விரியும் அப்பகுதி முழுவதும் தேயிலையால் ஆனது. கோப்பிச் செடியை நோய் அழித்த பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலைச்சரிவெங்கும் தேயிலை பரவியது. அதனை நட்டோர் தென்னிந்தியாவின் தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்து வரப்பட்ட உழவுக் குடும்பத்தினர். சிவனொளிபாத மலையடியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருள் அமிழ்ந்தது. ஊர் மேலேறிப் புதிதாய் அமைந்தது. ஆனால், ஒரே கூரையின் கீழ் வரிசையாய் அடைந்து கிடந்த லயன் அறைகள் மாத்திரம் மாறவில்லை. அங்கு வாழ்ந்தோர்க்குத் துரையே அரசாங்கம். காலைப் பெரட்டே அன்றாட நீதிமன்றம். இத்தகைய மக்களிடத்தே 1931ஆம் ஆண்டில் வாக்குச்சீட்டு வந்து சேர்ந்தது.

டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையை விதந்துரைத்தபோது மலைநாட்டுத் தொழிலாளர் குறித்து எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. பெருந்தொகையான இந்தியத் தொழிலாளர் வாக்காளராயின் கண்டிச் சிங்களவர் தம் சொந்த மண்ணிலேயே சிறுபான்மையினர் ஆவர் என்ற அச்சம் அன்றே உரத்துப் பேசப்பட்டது. தோட்டங்கள் எழுந்த மலைகள் கண்டியக் கிராமங்களின் மேய்ச்சல் நிலமாகவும் காடாகவும் இருந்தவை என்பதை நோக்குமிடத்து, அவ்வச்சத்தின் வேரை விளங்கிக்கொள்வது கடினமன்று. நிலத்தைப் பறித்தவன் ஒருவன், பழி சுமந்தவன் வேறொருவன் என்பதே அதிலுள்ள கொடுமை. எதிர்ப்பின் பயனாக, நிரந்தர வதிவு முதலிய நிபந்தனைகள் இந்தியத் தொழிலாளர்க்கு விதிக்கப்பட்டன. அவற்றைக் கடந்தும் அரசாங்க சபைக்கு அட்டன் தொகுதி 1931இல் பெரி. சுந்தரம் அவர்களை அனுப்பியது. அவர் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். 1936இல் அதே தொகுதி கோ. நடேசய்யரைத் தெரிவு செய்தது. பத்திரிகையாளராகவும் தொழிற்சங்கவாதியாகவும் விளங்கிய நடேசய்யருடன் அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டந்தோறும் சென்று, தாம் இயற்றிய பாடல்களைப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். மலையகத் தமிழிலக்கியத்தின் தோற்றத்தை ஆராய்வோர் இத்தேர்தல் மேடைகளையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1947இல் சோல்பரி யாப்பின்கீழ் முதலாவது பாராளுமன்றத் தேர்தல் நடைபெற்றது. இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் நுவரெலியாவில் சௌ. தொண்டமானும், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும், கொட்டகலையில் கே. குமாரவேலுவும், மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தாவும் வெற்றியீட்டினர். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் பாராளுமன்றத்தை எட்டிப்பார்த்த காலம் அது. எட்டிப்பார்த்த அளவிலேயே கதவு சாத்தப்பட்டது என்பதும் உண்மை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தமை மாத்திரம் போதாது, தந்தையும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும், இங்குப் பிறந்திருத்தல் வேண்டும் என்று விதித்தது. பிறப்புச் சான்றிதழ் என்னும் பொருளையே அறியாத லயன் வாழ்வினர்க்கு இது எத்தகைய நிபந்தனை என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் 237,034 விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. அவை எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரைத் தழுவியவை. பிரஜைகளாக ஏற்கப்பட்டோரோ ஏறத்தாழ 134,000 பேர் மாத்திரமே. 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தம், பிரஜையல்லாதார் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. இத்திருத்தம் யாப்புக்கு முரணானது எனத் தொடுக்கப்பட்ட வழக்கு இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் வரை சென்று, 1953இல் தோல்வியுற்றது.

இவ்வளவும் பலரும் அறிந்த செய்தி. தொகுதி நிர்ணயத்தோடு இது எவ்வாறு பிணைந்தது என்பதே போதியளவு பேசப்படாதது.

சோல்பரி யாப்பு, ஒவ்வொரு மாகாணத்திற்கும் 75,000 ஆட்களுக்கு ஓர் உறுப்பினர் என்றும், ஆயிரம் சதுரமைல் பரப்புக்கு மேலும் ஓர் உறுப்பினர் என்றும் கணக்கிட்டது. 'ஆட்கள்' என்ற சொல் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பிரஜை என்றோ வாக்காளர் என்றோ யாப்புக் கூறவில்லை. எனவே, வாக்குரிமை பறிக்கப்பட்ட பின்னரும் தோட்டத் தொழிலாளியின் தலை எண்ணப்பட்டே வந்தது. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஏழரை இலட்சம் மக்களைக் கொண்ட ஒரு பகுதிக்கு மக்கட்டொகையின்படி பத்து உறுப்பினர் கிடைப்பர் எனக் கொள்வோம். அம்மக்களுட் பாதிப்பேர் வாக்கற்றவராயின், பத்து உறுப்பினரையும் மற்றைப் பாதிப்பேரே தெரிவு செய்வர். அவர்தம் ஒரு வாக்கு, வேறிடத்து இரண்டு வாக்குகளின் நிறையைப் பெறும். வாக்கற்றவன் இல்லாதவனாகக் கருதப்பட்டிருப்பின் அநீதி ஒன்றோடு முடிந்திருக்கும். இங்கோ, அவன் இருக்கிறான் என்று எண்ணி ஆசனம் பெறப்பட்டது; இல்லை என்று கூறி வாக்கு மறுக்கப்பட்டது. கணிதமும் சட்டமும் இவ்வாறு கைகோத்தமை உலக வரலாற்றில் புதுமையன்று. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணிப் பிரதிநிதிகளைப் பெருக்கிய கதை அறியப்பட்டதே. அங்குப் பின்னமாக எண்ணினர். மலைநாட்டில் முழுமையாகவே எண்ணினர்.

1952இல் தலவாக்கலை போன்ற தொகுதிகளின் வாக்காளர் தொகை சில ஆயிரங்களாகச் சுருங்கிற்று. இந்தியக் காங்கிரஸ் பல மாதங்கள் சத்தியாக்கிரகம் நடாத்தியும் பயன் விளையவில்லை. அவ்வாண்டு தொடங்கி 1977 வரை, இருபத்தைந்து ஆண்டுகள், மலைநாட்டுத் தமிழர் தம் வாக்கினால் தம்முள் ஒருவரைப் பொதுத்தேர்தலிற் பாராளுமன்றத்துக்கு அனுப்ப இயலாதிருந்தது. தொண்டமான் 1960இலும் 1965இலும், ஏ. அஸீஸ் 1970இலும் நியமன உறுப்பினராயினர். நியமனம் என்பது கொடுப்பவனின் தயவில் நிற்பது. 1954இல் நேருவும் கொத்தலாவலையும் செய்த உடன்படிக்கையை ஒட்டி, பதிவுப் பிரஜைகளுக்கெனத் தனி வாக்காளர் இடாப்பும் தனி ஆசனங்களும் வகுக்கும் ஏற்பாடொன்று செய்யப்பட்டது; நடைமுறைக்கு வராமலே அது 1959இல் கைவிடப்பட்டது. அவ்வாண்டு எல்லைகள் திருத்தப்பட்டபோது தலவாக்கலை, கொட்டகலை என்னும் தொகுதிகளே மறைந்தன. தலவாக்கலையின் உறுப்பினராயிருந்த சி. வி. வேலுப்பிள்ளை பின்னர் எழுத்தாளராகவே பெரிதும் அறியப்பட்டார். தொகுதியை இழந்தவர் தம் மக்களின் துயரை நூல்களில் பதிவு செய்தமை தமிழிலக்கியத்துக்கு ஆதாயம். ஆயின், அவ்வாதாயத்திற்கு மக்கள் கொடுத்த விலை அதிகம்.

1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பிற்பாடு தீர்மானிக்கப்படுவதற்கு. 1974இல் அவ்வெஞ்சியோரும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிச் சென்ற வண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என அழைத்தனர். அவ்வண்டியில் ஏறும் நாள்வரை ஏறியவரின் தலையும் யாரோ ஒருவரின் ஆசனத்திற்காக எண்ணப்பட்டே இருந்தது.

1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பின்கீழ், 75,000 என்பது பின்னர் 90,000 ஆக்கப்பட்டது; 'ஆட்கள்' என்னும் அடிப்படை மாற்றப்படவில்லை. அதன்கீழ் அமைந்த தொகுதி நிர்ணய ஆணைக்குழு, நாட்டை 160 தொகுதிகளாகவும் 168 ஆசனங்களாகவும் வகுத்தது. மத்திய கொழும்பும் நுவரெலியா – மஸ்கெலியாவும் மூன்று உறுப்பினரைக் கொண்ட தொகுதிகளாயின. பல அங்கத்தவர் தொகுதியில், சிறுபான்மையினர் தம் வாக்குகளைச் சிதறவிடாது ஒருவரையே ஆதரிப்பின் வெற்றிபெற வாய்ப்புண்டு. தனித்தனியே நின்ற நுவரெலியாவும் மஸ்கெலியாவும் இணைக்கப்பட்டதன் பொருள் அதுவே. பறித்ததை முழுமையாகத் திருப்பிக் கொடுக்காது, சாளரமொன்றைத் திறந்து வைத்தனர் எனல் பொருந்தும்.

அத்தேர்தலுக்கு இரு மாதங்களின் முன்னர் மற்றொன்று நிகழ்ந்தது. அரசுடைமையாக்கப்பட்ட தோட்டங்களில் ஏழாயிரம் ஏக்கரைப் பிரித்துக் குடியேற்றத்திற்கு வழங்கும் முயற்சியைத் தொழிலாளர் எதிர்த்தனர். 1977 மே 11ஆம் நாள், டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்னும் இளைஞன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானான். நிலம் கைமாறினால் லயன் வெறிதாகும். லயன் வெறிதானால் வாக்காளர் இடாப்பும் மாறும். தொகுதியின் சேர்க்கை வரைபடத்தில் மட்டுமன்றித் தேயிலை மலையிலும் தீர்மானிக்கப்பட்டது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

யூலை 21இல் வாக்குகள் எண்ணப்பட்டபோது ஐக்கிய தேசியக் கட்சியின் காமினி திசாநாயக்க முதலாவதாகவும், ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் அநுரா பண்டாரநாயக்க இரண்டாவதாகவும், இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் தொண்டமான் மூன்றாவதாகவும் தெரிவாகினர். 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்ட பிரதமரின் புதல்வரும், அவ்வொப்பந்தத்தால் பங்கிடப்பட்ட மக்களின் தலைவரும் ஒரே தொகுதியின் உறுப்பினராய் அமர்ந்தமை, நாவலாசிரியர் எவரும் எழுதத் தயங்கும் பொருத்தம். தொகையால் பெருகியிருந்த மக்களின் பிரதிநிதி மூன்றாம் இடத்தில் வந்ததற்குக் காரணம் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. அம்மக்களுட் பலர் அன்றும் நாடற்றவராகவே இருந்தனர்.

அத்தொகுதி அவ்வடிவில் வேறொரு பொதுத்தேர்தலைக் காணவில்லை. 1978ஆம் ஆண்டின் யாப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைப் புகுத்தவே, 1989 முதல் நுவரெலியா மாவட்டம் முழுவதும் ஒரே தேர்தல் மாவட்டமாயிற்று. கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை என்பவற்றோடு நுவரெலியா – மஸ்கெலியாவும் வாக்கெடுப்புப் பிரிவாக மட்டும் எஞ்சியுள்ளது. மூன்று இலட்சத்திற்கு மேற்பட்ட வாக்காளரைக் கொண்டு, மாவட்டத்தின் பாதிக்கு மேல் அதுவே ஆகின்றது. 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றோர்க்குப் பிரஜாவுரிமை வழங்கின. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் 711,644 பேருள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியத் தமிழராகப் பதியப்பட்டோர். எண்ணப்பட்ட தலைகளும் வாக்களிக்கும் கைகளும் இங்கு ஒன்றுக்கொன்று நிகராவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

பாராளுமன்றத்துக்குக் கீழுள்ள படியில் காலம் இன்னும் மெதுவாகவே நகர்ந்தது. கிராமச் சபைக் காலத்திலேயே தோட்டத் தொழிலாளர் அவ்வாட்சிக்குப் புறம்பாக நிறுத்தப்பட்டனர். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும், சபை நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடத் தடையாக நின்றது. சபைக்கு வாக்களித்தவன் வீட்டு வாயிற்பாதை தோட்ட நிருவாகத்துக்குரியது. அதில் ஒரு விளக்குக்கம்பம் நடுவதற்கும் சபைக்கு அதிகாரமில்லை என்ற நிலை. அம்பகமுவ, நுவரெலியா என்னும் இரு பெரும் பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்பன தனிச் சபைகளாகி 2018இல் முதன்முறையாகத் தேர்தலைக் கண்டன. தோட்டங்களுக்குச் செலவிடுவதைத் தடுத்த சட்டவிதியும் அவ்வாண்டிலேயே திருத்தப்பட்டது. 1947இல் பாராளுமன்றத் தொகுதியின் பெயராயிருந்து, 1959இல் மறைந்த கொட்டகலை, ஐம்பத்தொன்பது ஆண்டுகளின் பின்னர் ஒரு சபையின் பெயராய் மீண்டும் வாக்குச்சீட்டில் அச்சாகியது.