ரெட்டிச் முதல் ஒற்றியூர் வரை

பழைய புல்லட் மோட்டார் சைக்கிளைக் கிளப்புவது ஒரு சடங்கு. சாவியைத் திருப்பியவுடன் காலால் ஓங்கி மிதித்துவிட இயலாது. முகப்பு விளக்கின் மேலே பதித்திருக்கும் சிறிய அம்மீட்டரை முதலில் பார்க்க வேண்டும். கிக்கரை மெல்ல அழுத்தினால், விலகி நிற்கும் அதன் முள் நகர்ந்து நடுவில் வந்து நிற்கும். அந்த இடத்தில் கைப்பிடியருகே உள்ள சிறு நெம்புகோலை இழுத்து, சிலிண்டருக்குள் அடைபட்டிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை தள்ளி, நெம்புகோலை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அதன் பிறகே உடலின் எடை முழுவதையும் ஒரே மிதியில் இறக்க வேண்டும். முறை தவறினால் வண்டி எதிர்த்து உதைக்கும். அந்த உதையில் கணுக்கால் வீங்கியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

முறையாக மிதித்தவனுக்கு அது தரும் பரிசு, அதன் ஒலி. ஒரே ஒரு சிலிண்டர். 70 மில்லிமீட்டர் விட்டம். அதனுள் பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர். நான்கு வீச்சு இயந்திரமாதலால் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறைதான் எரிபொருள் வெடிக்கும். நிமிடத்திற்கு ஆயிரம் சுழற்சி என்றால் ஐந்நூறே வெடிப்புகள். கனத்த சுழல்சக்கரம் இருப்பதால் அவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் இயந்திரம் நின்றுவிடுவதில்லை. எனவே ஒவ்வொரு வெடிப்பும் அடுத்ததோடு கலக்காமல் தனித்தனியே காதில் விழும். தெருமுனையில் வண்டி திரும்புமுன்பே வருகிறவர் காவல் ஆய்வாளரா, பண்ணையாரா என்று வீட்டுக்குள் இருந்தபடியே சொல்லிவிடக்கூடிய காலம் ஒன்று இருந்தது.

அந்த ஒலி பிறந்த ஊர் இங்கிலாந்திலுள்ள ரெட்டிச். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகெங்கும் விற்ற தையல் ஊசிகளில் பெரும்பங்கு அவ்வூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் செய்யப்பட்டது. அங்கே ஊசி செய்துவந்த ஜார்ஜ் டவுன்சென்ட் என்பவரின் நிறுவனம் காலப்போக்கில் மிதிவண்டிக்கு மாறி, பின் நொடித்தது. 1891-இல் ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் என்னும் இருவர் அதை ஏற்றுக்கொண்டனர். என்ஃபீல்டு என்னும் ஊரிலிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுண்ணிய உறுப்புகள் செய்து தரும் ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைத்தது. 'ராயல் என்ஃபீல்டு' என்ற பெயரும், துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்னும் விளம்பர வாசகமும் அதிலிருந்து பிறந்தவை. 1901-இல் முதல் மோட்டார் சைக்கிள் வந்தது. 1932-இல் 'புல்லட்' என்ற பெயர் வந்தது. துப்பாக்கி செய்தவர்கள் வண்டிக்குத் 'தோட்டா' என்று பெயர் வைத்ததில் வியப்பில்லை.

விடுதலை பெற்ற இந்தியாவின் எல்லைகளில் சுற்றுக்காவலுக்கு உறுதியான வண்டிகள் தேவைப்பட்டன. இராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அவற்றை இறக்குமதி செய்து தந்தது சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ். வாங்கி விற்பதைவிட இங்கேயே செய்வது நன்று என்ற எண்ணத்தில், 1955-இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்சும் கூடி 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே, கடலோரத்துத் திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பின்னர் அச்சுகளும் கருவிகளும் வந்தன. 1960களின் தொடக்கத்திற்குள் வண்டி முழுவதும் இங்கேயே உருவாயிற்று. காதற்ற ஊசி ஒன்றைக் கண்டு பெருஞ்செல்வத்தைத் துறந்த பட்டினத்தார் அடங்கிய ஊர் திருவொற்றியூர். ஊசி செய்த ஊரின் வண்டி அவ்வூருக்கு வந்து சேர்ந்தது தற்செயல்தான். ஆனாலும் சுவையான தற்செயல்.

பிறந்த வீட்டின் நிலை அதற்குள் மாறியிருந்தது. மலிவான சிறு கார்கள் இங்கிலாந்தின் சாலைகளில் பெருகின. எண்ணெய் ஒழுகாத, பொத்தானை அழுத்தினால் கிளம்பும் ஜப்பானிய வண்டிகள் வந்தன. ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே நின்றது. திருவொற்றியூரிலோ அதே இயந்திரம் மாறாமல் வந்துகொண்டிருந்தது. 1977-இல் சென்னைப் புல்லட்டுகள் கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போயின. தாய் மறைந்த வீட்டிற்கு மகள் தாயின் உருவத்திலேயே வந்து நின்றது போன்ற நிகழ்ச்சி அது.

இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். புல்லட் மாறாமல் இருந்ததற்கு மரபின்மேல் கொண்ட பற்று மட்டும் காரணமன்று. உரிமமும் ஒதுக்கீடும் ஆண்ட அந்நாளில் இந்தியாவில் மோட்டார் சைக்கிள் செய்தவர்கள் மிகச் சிலர். வாங்குபவருக்கு வேறு வழியில்லை. எனவே செய்பவருக்கு மாற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. போட்டியற்ற தேக்கம்தான் அந்தப் பழைய இயந்திரத்தைப் பாதுகாத்தது. அத்தேக்கம் இல்லாதிருந்தால் புல்லட் 1970களிலேயே அருங்காட்சியகப் பொருளாகியிருக்கும். குறை என்று சொல்லத்தக்க ஒன்றே பின்னாளில் முதலாக மாறியது.

ஆனால் அதற்கு முன் அக்குறை வண்டியைக் கொன்றுவிடப் பார்த்தது. 1980களின் நடுவில் ஜப்பானியக் கூட்டுறவோடு 100 சிசி வண்டிகள் வந்தன. அவற்றுள் ஒன்று ஓசூரிலிருந்தே வந்தது. அவை எடை குறைந்தவை, எளிதில் கிளம்புபவை, ஒரு லிட்டர் பெட்ரோலில் புல்லட் போகாத தூரம் போனவை. மாதச் சம்பளக்காரர்கள் அவற்றின்பால் சென்றதைக் குறைகூற முடியாது. என்ஃபீல்டு பதிலுக்கு டீசலில் ஓடும் புல்லட்டைச் செய்து பார்த்தது. எரிபொருள் மிச்சமாயிற்று; வேகமும் உடன் மிச்சமாயிற்று. டிராக்டர் தொழிலில் வளர்ந்த ஐஷர் குழுமம் 1990-இல் நிறுவனத்தில் இணைந்து, 1994-இல் முழுவதும் எடுத்துக்கொண்டது. 'ராயல்' என்ற முன்னொட்டு பெயரில் மீண்டும் சேர்ந்தது. பெயர் திரும்பியதே தவிர வாங்குவோர் திரும்பவில்லை.

2000-ஆம் ஆண்டில் மாதம் ஆறாயிரம் வண்டிகள் செய்யத்தக்க நிறுவனம் இரண்டாயிரம் அளவில்தான் விற்றுக்கொண்டிருந்தது. மூடிவிடலாம், அல்லது விற்றுவிடலாம் என்ற பேச்சு குழுமத்தின் மேல்மட்டத்தில் எழுந்தது. அப்போது உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த சித்தார்த்த லால், இருபத்தாறு வயது இளைஞர், தமக்கு இரண்டாண்டு அவகாசம் கேட்டார். ஜெய்ப்பூரில் இருந்த மற்றொரு தொழிற்சாலை 2002-இல் மூடப்பட்டது. மறுவாழ்வுக் கதைகளில் இத்தகைய வரிகள் விரைவாகக் கடந்துபோகும். அங்கு வேலை செய்தவர்களின் வீடுகளில் அவ்வளவு விரைவாகக் கடந்திருக்காது. 2005-இல் குழுமம் தன் அடையாளமாக இருந்த டிராக்டர் தொழிலையே சென்னையின் டாஃபே நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. நன்றாக ஓடிய தொழிலை விற்று, தள்ளாடிய தொழிலைத் தக்கவைத்துக்கொண்ட துணிவு சாதாரணமானதன்று.

எதை மாற்றுவது, எதை விடுவது என்பதே அதன்பின் எழுந்த கேள்வி. புல்லட்டில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருந்தன; பிற வண்டிகளில் நேர்மாறு. புதிதாக ஏறுபவன் பிரேக் என்று எண்ணிக் கியரை மிதிப்பான். இதை மாற்ற முற்பட்டபோது பழைய அன்பர்கள் கடுமையாக எதிர்த்தனர். காலுக்குப் பழகிய இடம் போய்விட்டால் அது புல்லட்டே இல்லை என்றனர். அவர்கள் சினத்தில் அன்பு இருந்தது. ஆயினும் அந்த அன்பை மட்டும் நம்பி ஒரு தொழிற்சாலை மாதச் சம்பளம் கொடுக்க முடியாது. கியர் இடப்பக்கம் போயிற்று. பொத்தானால் கிளப்பும் வசதி வந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகவே பழைய வார்ப்பிரும்பு இயந்திரத்திற்கும் விடைகொடுக்க வேண்டியதாயிற்று. புதிய அலுமினிய இயந்திரத்தில் முன்பு தனித்தனியாக இருந்த இயந்திரமும் கியர்ப்பெட்டியும் ஒரே கூட்டுக்குள் அடங்கின. எண்ணெய்க் கசிவு குறைந்தது.

ஒற்றைச் சிலிண்டரையும் நீண்ட வீச்சையும் கனத்த சுழல்சக்கரத்தையும் மட்டும் அவர்கள் கைவிடவில்லை. ஒலி சற்று மென்மையாயிற்று. ஆனால் ஒவ்வொரு துடிப்பும் தனித்தே கேட்டது. அவ்வியந்திரத்தைத் தாங்கி 2009-இல் இந்தியச் சாலைக்கு வந்த 'கிளாசிக்', 1950களின் தோற்றத்தை அணிந்த புது வண்டி. அதற்காக மாதக்கணக்கில் காத்திருக்கவும் மக்கள் முன்வந்தனர். 2013-இல் ஒரகடத்திலும் அடுத்து வல்லம் வடகாலிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. 2024-25 நிதியாண்டில் விற்பனை 10 இலட்சம் வண்டிகளைக் கடந்தது. இரண்டு சிலிண்டர்கள் கொண்ட 650 சிசி 'இன்டர்செப்டர்' 2018-இல் வந்தது. அப்பெயர் 1960களில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட வண்டியின் பெயர். அதை வடிவமைப்பதில் சென்னைப் பொறியாளர்களோடு, இங்கிலாந்தில் நிறுவனம் புதிதாக அமைத்த தொழில்நுட்ப மையத்தினரும் சேர்ந்து உழைத்தனர். ஒருகாலத்தில் அங்கிருந்து அச்சுகள் சென்னைக்கு வந்தன; இப்போது சென்னையிலிருந்து அங்கே வேலை போயிற்று.

ஒரகடத்தில் வண்ணம் பூசுவது இயந்திரக் கைகள். ஆயினும் புல்லட் வகைகள் சிலவற்றில் பெட்ரோல் தொட்டியின் ஓரமாக ஓடும் பொற்கோடுகளை மனிதக் கையே வரைகிறது. அளவுகோல் இல்லை, ஒட்டுநாடாவும் இல்லை. மெல்லிய தூரிகையை வண்ணத்தில் தோய்த்து, சுண்டுவிரலைத் தொட்டியின் வளைவில் ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் இழுக்கிறார் ஓவியர். திருவொற்றியூரில் தலைமுறை தாண்டிக் கைமாறிய பழக்கம் அது. இடப்பக்கக் கோடும் வலப்பக்கக் கோடும் மயிரிழை அளவு வேறுபடும். அந்த வேறுபாட்டை யாரும் திருத்துவதில்லை.