ரசீதின் பின்பக்கம்

அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அர்த்தமும் புரிந்தது. "எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே" என்று ஊராரிடம் நான் சொல்லி வந்தது பொய்.

2016 டிசம்பர். நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடைமடையில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நான் எழுத்தர். வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும் மேட்டூர் அணையை அந்த வருஷம் செப்டம்பர் 20-இல்தான் திறந்தார்கள். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையும் பொய்த்தது. நேரடியாக விதைத்த சம்பா முளைத்த மட்டத்திலேயே கருகியது. அதற்கு நடுவில் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டை வாங்கவே கூடாது என்று தடை.

அன்று கவுண்டருக்கு வந்த அந்த விவசாயிக்குச் சொந்தமாக ஒரு ஏக்கர், குத்தகைக்கு மூன்று. மஞ்சப்பையில் ஆடு விற்ற பணம், எல்லாம் பழைய ஐந்நூறு. நகைக்கடன் வட்டிக்கு வரவு வைக்கச் சொன்னார். முடியாது என்றேன். அவர் நகரவில்லை. கவுண்டர் கம்பியைப் பிடித்தபடி நின்றார். விரல் இடுக்கில் சேறு இல்லை. அந்த மாதத்தில் எங்கள் பக்கத்து விவசாயி கையைச் சேறில்லாமல் அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"நான் இல்லாமப் போயிட்டா, அந்தச் சங்கிலியும் தோடும் எம் பொண்டாட்டி கைக்கு வந்துடுமா சார்?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என்னய்யா இப்படிக் கேக்குறே என்று எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும். பயந்தேன். கேட்டால் அழுவார். அழுதால் நான் ஏதாவது செய்தாக வேண்டும். பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். விதிகளை மனப்பாடமாகச் சொல்வேன் என்ற கர்வமும் எனக்கு உண்டு. அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"வாரிசுச் சான்றிதழ் கொண்டாந்து, அசலும் வட்டியும் கட்டினா கொடுப்போம்."

"சரிங்க சார்" என்றார். பானைத் தண்ணீரை ஒரு தம்ளர் குடித்துவிட்டுப் போனார். நான்காம் நாள் அவர் இறந்த செய்தி வந்தது.

இரண்டாவது தப்பு இதைவிடப் பெரியது. விசாரணைக்கு வந்தவர்கள் சங்கத்திலும் கேட்டார்கள். "உடம்பு சரியில்லாத மனுஷன்" என்றேன். உண்மையைச் சொன்னால் "நீ என்ன செய்தாய்?" என்று கேட்பார்களே என்ற பயம். 2017 ஜனவரியில் அரசு, இறந்த 17 விவசாயிகளின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் அறிவித்தது. அவர் பெயர் அதில் இல்லை. என் வாக்குமூலத்தால் மட்டுமா என்று தெரியாது. அதற்கும் அதில் பங்குண்டு. அவர் பெண் அந்த வருஷத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்குப் போனாள்.

பல வருஷம் கழித்து ஒரு முகாமில் மனநல மருத்துவர் சொன்னார்: சாக நினைக்கிறீர்களா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, கேட்டால் மனம் திறப்பார்கள். இப்போது கவுண்டரை மூடிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்து கேட்கிறேன். 104, 14416 என்ற இரண்டு உதவி எண்ணையும் அங்கேயே போட்டுக் கொடுக்கிறேன். அவருக்கு அது எந்த வகையிலும் ஈடாகாது.

அவர் போன அடுத்த மாசியில் அவர் மனைவி வந்தார். வாரிசுச் சான்றிதழ், அண்ணனிடம் கடன் வாங்கிய பணம், எல்லாம் சரியாக இருந்தது. யார் சொன்னது என்று கேட்டேன். அடகு ரசீதைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் பென்சிலில், அவர் கையெழுத்தில், நான் சொன்ன மூன்றும் வரிசையாக இருந்தன.

கையெழுத்து வாங்கிக்கொண்டு நகையைக் கொடுத்தேன். அப்போதும் நான் எதுவும் சொல்லவில்லை.