காலில் ஊரும் எறும்பு

ஆடிக் கிருத்திகையில் திருத்தணி மலையின் 365 படிகளையும் வெறுங்காலோடு ஏறுபவருக்கு, சன்னதி முன் நிற்கும்போது உடம்பு புல்லரிக்கும். மண்டபத்தில் வெகுநேரம் சம்மணமிட்டு எழுந்தவருக்குக் கால் மரத்துப்போய், பிறகு சுருக்சுருக்கென்று குத்தும். நெடுநாள் சர்க்கரை நோயாளிக்கு உள்ளங்காலில் எறும்பு ஊரும். ஆங்கிலத்தில் இம்மூன்றுக்கும் 'டிங்கிள்' என்ற ஒரே சொல் போதும். அந்தச் சொல் தோலில் பிறந்ததும் அல்ல. முதலில் காதுக்குள் கேட்கும் இரைச்சலைச் சொல்லி, பிறகுதான் தோலுக்கு இறங்கியது. நம் பேச்சுவழக்கோ காரணம் வேறென்றால் சொல்லையும் வேறாக வைத்திருக்கிறது. புல்லரிப்பு, மயிர்க்காலடியில் உள்ள சின்னஞ்சிறு தசைகள் சுருங்குவதால் வருவது. குளிரோ, அச்சமோ, பக்தியோ அதைத் தூண்டும். மரத்துப்போவது, நரம்பு அழுந்துவதால் வருவது. காலை நீட்டினால் சரியாகிவிடும். எறும்பு ஊர்வதுதான் கவலைக்குரியது. அங்கே நரம்பே பழுதுபடத் தொடங்கியிருக்கலாம்.

காரணத்துக்கொரு சொல் என்பதற்குத் திருத்தணியில் இன்னொரு சாட்சியும் உண்டு. 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. தமிழும் தெலுங்கும் இங்கே கலந்தே புழங்குகின்றன. கால் மரத்து விறுவிறுப்பதைத் தெலுங்கர் 'திம்மிரி' என்பார்கள். தமிழின் 'திமிர்' அதற்கு உறவுச்சொல். மரத்துப்போதல் என்ற பொருள் அதற்கும் உண்டு, திமிர்வாதம் என்ற நோய்ப்பெயரில் அது இன்னும் தெரிகிறது. பேச்சில் நாம் அதை ஆணவத்துக்குக் கொடுத்துவிட்டோம். நல்ல சொல் ஒன்று கைநழுவியதாகவே இதைக் கருதுகிறேன்.

மருத்துவக் குறிப்புக்கு ஒரே பொதுச்சொல் இருப்பதுதானே வசதி, எறும்பும் ஊசியும் வெறும் உவமைதானே என்று கேட்கலாம். ஊருக்கு ஊர் சொல் மாறுவதால் குழப்பம் வரும் என்பதும் நியாயமான கவலைதான். ஆனால் எறும்பு ஊர்கிறது, எரிகிறது என்பவரின் நரம்பு தவறாகவேனும் சேதி அனுப்பிக்கொண்டிருக்கிறது. மதமதவென்று இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்பவருக்கு அந்தச் சேதியே நின்றுகொண்டிருக்கிறது. வெயிலில் காய்ந்த கருங்கல் படி பாதத்தைச் சுட்டுக் கொப்புளம் போட்டாலும் அவர் அறியமாட்டார். சர்க்கரை நோயாளியின் ஆறாத கால்புண் பெரும்பாலும் இப்படி வலிக்காத காயமாகவே தொடங்குகிறது. இரண்டையும் ஒரே சொல்லில் எழுதினால் இந்த வேறுபாடு சீட்டிலிருந்தே மறைந்துவிடும். மருத்துவர்கள் பொதுச்சொல்லை எழுதட்டும். பக்கத்திலேயே நோயாளி சொன்ன சொல்லையும் அப்படியே தமிழிலோ தெலுங்கிலோ குறித்துவைக்கட்டும். கால் மதமதப்பவர்கள், படியேறும் முன் ஒருமுறை மருத்துவரிடம் பாதத்தைக் காட்டிவிடுங்கள்.