கறுத்த பிளக்



கிராம ஜெபக்கூட்டங்களுக்கு என்னைச் சுமந்து செல்லும் மோட்டார் சைக்கிளை உங்களில் அநேகர் அறிவீர்கள். சில மாதங்களாக அது பெட்ரோலை அளவுக்கு மீறிக் குடித்து வந்தது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடிய வண்டி 33-க்கு இறங்கியது. சைலன்சரின் வாயைத் தொட்டால் விரலில் கரி ஒட்டியது. நகரத்தில் ஒரு பட்டறையில் ஆக்சிஜன் சென்சார் பழுது என்று சொல்லிப் புதியதை மாட்டினார்கள். பணம் போயிற்று, கரி போகவில்லை.

"புறவழிச்சாலைத் தம்பியிடம் காட்டுங்களேன்" என்றாள் என் மனைவி. எனக்குத் தயக்கமாயிருந்தது. அந்தத் தம்பி நம் ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவர். ஓராண்டுக்கு மேலாக ஆராதனைக்கு வராதவர். (அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.) அவர் சபையை இகழ்ந்து பேசித் திரிகிறார் என்று ஒருவர் வந்து சொன்னார். நான் நம்பினேன். ஆராதனையை அசட்டை செய்வோரைக் குறித்து ஒரு பிரசங்கம் செய்தேன். அது அவர் காதுக்குப் போய்ச் சேரும் என்று அறிந்தே செய்தேன். அவர் வரவில்லை. அடுத்த முறை இன்னும் கடுமையாகப் பேசினேன்.

வேறு வழியின்றி வண்டியைக் கொண்டுபோனேன். அவர் முகம் மாறாமல் வரவேற்று, பிளக்கைக் கழற்றிக் காட்டினார். அடுப்புக்கரி போல் கறுத்திருந்தது. பிறகு ஸ்கேனரைப் பொருத்தினார். பழைய கார்புரேட்டர் வண்டியானால் திருகாணியைத் திருப்பி, காதால் கேட்டே சரிசெய்துவிடுவார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபின் ஏறக்குறைய எல்லா வண்டிகளிலும் பெட்ரோலை அளந்து பீய்ச்சுவது ஒரு சிறு கணினி. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனால் கலந்திருந்தால் சற்றுக் குறைவாகப் போதும். அந்த அளவைக் காப்பதற்கே புகைக்குழாயில் சென்சார் இருக்கிறது. அதன் சிர்கோனியா முனை, நன்றாகச் சூடேறிய பிறகு, புகையிலுள்ள ஆக்சிஜனை வெளிக்காற்றோடு ஒப்பிடுகிறது. பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட் அளவுக்கு ஏறும்; குறைந்தால் 0.1-க்கு இறங்கும். கணினி அதைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் நடுவிலே நிறுத்துகிறது. முழுவேகத்திற்கு முறுக்கும்போது மட்டும் சென்சாரைக் கேளாமல், முன்பே எழுதிவைத்த கணக்கைப் பின்பற்றும் என்றார்.

"பாருங்கள் ஐயா, சென்சார் கணக்கின்படி எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் கணினி 18 சதவீதம் பெட்ரோலைக் கூட்டித்தான் அந்த அளவுக்கு வந்திருக்கிறது. பிளக்கோ கறுத்திருக்கிறது."

"அப்படியானால் புதுச் சென்சாரும் பொய் சொல்கிறதா?"

"அது பொய் சொல்லவில்லை ஐயா. தன்னிடம் வந்ததைச் சொல்கிறது."

என்ஜின் ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு ஸ்டார்ட் செய்து, புகைக்குழாய் என்ஜினோடு சேருமிடத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். ஓரத்தில் சிறு குமிழிகள் எழும்பின. கேஸ்கெட் விட்டிருந்தது. ஒவ்வொரு முறை புகை வெளியேறியதும் குழாய்க்குள் ஒரு கணம் அழுத்தம் குறையுமாம். அப்போது அந்த இடைவெளி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சார் அந்தக் காற்றையும் சேர்த்து அளந்து, "பெட்ரோல் போதவில்லை" என்கிறது. கணினி கூட்டுகிறது. காற்று நுழைந்துகொண்டே இருக்கிறது. கணினியும் விடாமல் கூட்டுகிறது. என்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று அது பார்த்ததே இல்லை.

அங்கே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் நான் நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். சிறிய காரியம்தான், சில நூறு ரூபாய்கூட ஆகாது. கடைசியில், ஓராண்டுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்: "தம்பி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏன் வருவதில்லை?"

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அவருடைய அம்மா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார்கள். மற்ற நாட்களில் அக்காள் பார்த்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காளுக்கு வேலை. "உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன் ஐயா. தெரிந்தும் அப்படிப் பேசுகிறீர்களே என்றுதான் வருத்தமாக இருந்தது."

என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையசைத்துவிட்டு, பழைய திருத்தக் கணக்கை ஸ்கேனரில் அழித்தார். வண்டி புதிதாகக் கற்றுக்கொள்ளக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும், சீரான வேகத்தில் போங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

சென்ற ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அவர் வீட்டிற்குப் போனேன். அம்மாவுக்குப் பேச்சு குழறுகிறது. ஆனாலும் என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். வண்டி இப்போது நன்றாக ஓடுகிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். லிட்டருக்கு 44 கொடுக்கிறது என்றேன். தம்பி அடுக்களையிலிருந்து, "இன்னும் ஒன்று ஏறும் ஐயா" என்றார்.