ஏழு குளிசை

போன மாதம் ஊரிலிருந்து வந்த மச்சான் புழுக்கொடியல், மோர்மிளகாய், மிளகாய்த்தூள் எல்லாம் மேசையில் பரப்பிவிட்டு, கடைசியாகச் சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து என் கையில் வைத்தான். நித்திரைக் குளிசை.

"அத்தான், உங்கட டொக்டர்மார் ஒரு குளிசைக்கு உயிரை எடுக்கினமாம் எண்டு அக்கா சொன்னவ. எங்கட பாமசியில பேரைச் சொன்னன், பெடியன் எடுத்துத் தந்திட்டான். இதுக்கே லண்டனில இருக்கிறியள்?"

அன்றைய சாப்பாட்டோடு தொடங்கிய வாக்குவாதம் அவன் விமானம் ஏறும்வரை ஓயவில்லை. அவனிடம் எனக்குச் சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன்.

பதினொரு வருடம் பெற்றோல் செட்டில் இரவு வேலை செய்தவனின் நித்திரை எங்கே போனது என்று எம்மவருக்கு விளக்கத் தேவையில்லை. அந்த வேலையை விட்டு ஆறு வருடம். உடம்பு மட்டும் இன்றும் இரவு இரண்டு மணிக்கு யாரோ கண்ணாடியில் தட்டியதுபோல எழும்பி உட்கார்ந்துவிடும்.

எனக்குத் தெரிந்த முதல் நித்திரை மருந்து, ஊரில் தும்மலுக்குப் போடும் பிரிட்டன் குளிசைதான். அங்கே பிரிட்டன் போட்டால் நித்திரை வந்தது. இங்கே பிரிட்டனுக்குள்ளேயே கிடந்தும் வரவில்லை. (மனைவி இந்தப் பகிடியை இப்போது தடை செய்துவிட்டாள்.) இங்கே கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் நைட்டோல் குளிசையும் கிட்டத்தட்ட அதே குடும்பம்தான். முதல் வாரம் நித்திரை வந்தது. பிறகு நித்திரை போய், மறுநாள் மத்தியானம் வரை தலைக்குள் ஈரச்சாக்குக் கிடக்கும் பாரம் மட்டும் மிஞ்சியது. மெலடோனினை அமெரிக்காவில் இருக்கும் உறவினர் பால், பாணோடு சேர்த்து வாங்கி வருகிறார்கள். இங்கே அதற்கும் டொக்டரின் சீட்டு வேண்டும். 55 வயது தாண்டியதால் 2 மில்லிகிராம் தந்தார்கள். படுத்தவுடன் கண் மூடியது. இரண்டு மணிக்குத் திறந்தது.

அதன் பிறகுதான் அந்த ஏழு குளிசை. ஸோபிக்லோன், 7.5 மில்லிகிராம். இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்கு 9.90 பவுண், ஏழு தந்தாலும் இருபத்தெட்டுத் தந்தாலும் அதே காசு. காலையில் வாயெல்லாம் செப்புக்காசை உமிந்ததுபோல் ஒரு கைப்பு. இருந்தும், ஏழு இரவும் செத்த பிணம்போல் கிடந்தேன். எட்டாம் நாள் காலை எட்டு மணிக்கு ரெலிபோனில் வரிசை பிடித்து, இன்னும் ஒரு பெட்டி கேட்டேன். "ஒரு கெட்ட வாரத்தைக் கடக்கத்தான் இது. இதற்குள் குடியிருக்க முடியாது," என்றார் டொக்டர். மச்சான் நினைப்பதுபோல் அவர் வெள்ளைக்காரியுமல்ல, நைஜீரியாவிலிருந்து வந்தவர். அன்று அவரை நான் திட்டிய திட்டு எழுத்தில் வராது.

கோபம் தணிந்த பிறகுதான் இந்தக் கஞ்சத்தனத்தின் கதையைத் தேடி வாசித்தேன். 1958இல் இந்த நாட்டில் 'டிஸ்டவல்' என்றொரு மருந்து விற்பனைக்கு வந்தது. மிகப் பாதுகாப்பான நித்திரை மருந்து என்று விளம்பரம். கர்ப்பிணிகளுக்கு வாந்திக்கும் கொடுத்தார்கள். அதுதான் தாலிடோமைட். 1961 முடிவதற்குள் அதைக் கடைகளிலிருந்து எடுத்தார்கள். அந்த மருந்தால் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறுகியோ இல்லாமலோ பிறந்தார்கள். 1963இல் மருந்துப் பாதுகாப்புக்கு ஒரு குழு. 1964இல் மஞ்சள் அட்டை: ஒரு மருந்து தீங்கு செய்தால் டொக்டர் அதில் எழுதி அனுப்பலாம்; இன்று நோயாளியே எழுதலாம். 1991இல் ட்ரையசோலம் என்ற நித்திரைக் குளிசையின் அனுமதியை இடைநிறுத்தினார்கள். 2014இல் என்னுடைய ஸோபிக்லோனையே கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள்களின் பட்டியலில் சேர்த்தார்கள். டொக்டர் எண்ணித் தந்த ஏழுக்குப் பின்னால் இவ்வளவும் நிற்கிறது. அந்த அம்மா "இல்லை" என்று சொன்ன அழகை இப்போது யாரிடமும் புகழ்ந்து கதைக்கிறேன். மச்சானிடமும் அதைத்தான் கதைத்தேன்.

"அது அவங்கள் பிழை விட்டுப் படிச்சது," என்றான். சரிதான். அதைவிடப் பெரிய சரி ஒன்றை அவன் சொல்லத் தவறிவிட்டான். வேலையிடத்தில் ஒருத்தி, "உங்கள் நாட்டில் எந்த மருந்தையும் கடலைபோல வாங்கலாமாமே?" என்று கேட்டபோது எனக்கு வந்த ரோசத்தில் சேனக பிபிலையை இழுத்தேன். தேவையான மருந்துகளை மட்டும், கம்பனிப் பெயரில்லாமல், குறைந்த விலையில் கொண்டுவர இலங்கை அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை 1971இல் தொடங்கியவர். உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலை வெளியிட்டது 1977இல்தான். மருந்தில் அளவோடு இருக்க எங்களுக்கு லண்டன் சொல்லித்தரத் தேவையில்லை.

பிறகு அந்த அட்டை எப்படி மச்சானின் பைக்குள் வந்தது? சட்டம் ஊரிலும் இருக்கிறது. ஆனால் பாமசிப் பெடியன் அவனுக்குத் தெரிந்த பெடியன். தெரிந்த முகத்தை முறிக்க எங்கள் ஆட்களுக்கு மனம் வராது. "அம்மாவின்ர சீனிக் குளிசை முடிஞ்சிருக்குமே அண்ணை" என்று அவனே ஞாபகப்படுத்துவான். அதே அன்பில்தான் கேட்டதையும் தந்துவிடுவான். இங்கே என்னை யாருக்கும் தெரியாது. அதனால் "இல்லை" என்று சொல்வது அவர்களுக்குச் சுலபம். இரண்டில் எது சுகம் என்று கேட்டால் எனக்கு ஊர்தான். எது பாதுகாப்பு என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வேன்.

குளிசைக்குப் பதிலாக டொக்டர் அனுப்பியது ஒரு பயிற்சிக்கு. நித்திரை வராதவனைப் படுக்காதே என்று சொல்லும் வைத்தியம்! இரவு ஒரு மணிக்குத்தான் கட்டில், ஆறு மணிக்கு எழும்பவேண்டும். கண் மூடாமல் இருபது நிமிடம் போனால் குசினிக்குப் போ. எல்லாவற்றையும் கொப்பியில் எழுது. குசினியில் குந்தியிருந்த இரவுகளில் அப்பு நினைவுக்கு வந்தார். அவரும் மூன்று மணிக்கு முழித்தவர்தான். அந்த நேரம் புகையிலைக்குத் தண்ணீர் இறைக்கிற நேரம். பக்கத்துத் தோட்டத்திலும் துலா ஆடும் சத்தம் கேட்கும். முழித்திருக்க ஆளும் வேலையும் இருந்ததால் அப்புவுக்கு அது நோயாகவில்லை. இங்கே ஹரோ வீட்டில் மூன்று மணிக்கு என்னோடு முழித்திருப்பது பிரிட்ஜ் மட்டும்தான்.

பயிற்சியால் பாதிப் பலன். அதை முடித்த பிறகே அடுத்த மருந்து: டரிடோரெக்ஸன்ட், 50 மில்லிகிராம். பயிற்சி சரிவராதவர்களுக்கு அல்லது கிடைக்காதவர்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு 2023 ஒக்ரோபரில் இங்கே சிபாரிசு செய்யப்பட்டது. ஸோபிக்லோன் போன்ற குளிசைகள் மூளையை அமுக்குகின்றன. இது, மூளையை முழித்திருக்கச் சொல்லும் ஒரெக்சின் என்ற தூதுவனை வாசலில் மறிக்கிறது. காலையில் கைப்பில்லை, சாக்கில்லை. மூன்று மாதத்துக்குள் மறுபரிசோதனை என்று திகதியும் போட்டுத் தந்தார்கள். இப்போது கிழமையில் நாலு இரவு ஆறு மணித்தியாலம் நித்திரை. மீதி மூன்றும் குசினியில்.

மச்சான் போன மறுநாள் அவன் தந்த அட்டையைச் சந்தியில் உள்ள பாமசியில் கொடுத்தேன். வேண்டாத மருந்தை அங்கே வாங்கி அழிப்பார்கள். பத்துக் குளிசையும் பத்தாகவே இருந்தன. வாங்கிய பெண் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.