ஹெரால்டின் கியரும் பிரேக்கும்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் கியர்பாக்ஸை இறக்கக் குழி வேண்டியதில்லை. முன் இருக்கைகளை எடுத்துவிட்டு, நடுவே மேடாக நிற்கும் டனல் மூடியைக் கழற்றினால் கியர்பாக்ஸ் முழுதும் கண்ணுக்குத் தெரியும். எஞ்சினின் ஆயில் சம்ப்புக்குக் கீழே பலகை வைத்து ஜாக்கி கொடுத்து, பிரொப்பெல்லர் ஷாஃப்டின் நான்கு போல்ட், மவுண்டிங், ஸ்பீடோமீட்டர் கேபிள், பெல் ஹவுசிங் போல்ட்கள் என்று வரிசையாக விடுவித்தால், இரண்டு பேர் சேர்ந்து கதவு வழியாகவே அதை வெளியே தூக்கிவிடலாம். சேஸி தனி, பாடி தனி என்று கட்டிய வண்டி. பழுது பார்ப்பவன்மேல் இரக்கம் வைத்துக் கட்டியது.

டிரையம்ஃப் ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் 948 சி.சி. எஞ்சினுடன் அதைச் செய்தது. அதே சேஸியைக் குறுக்கி 1962-இல் டிரையம்ஃப் விட்ட இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்தான் ஸ்பிட்ஃபயர். ஆகவே தமிழ்நாட்டில் ஒரு ஹெரால்டைப் பிரித்துச் சேர்க்கக் கற்றவர் ஸ்பிட்ஃபயரையும் ஏறக்குறையக் கற்றவரே. அதன் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் இருப்பது பெரிய வித்தியாசம். ஹெரால்டின் வாரிசான கேஸல் 1972-இல் வந்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நின்றும்போனது. அதற்குப் பிறகு பாகம் தேடுவதென்றால் சென்னை புதுப்பேட்டை, அல்லது ஸ்பிட்ஃபயருக்காக இங்கிலாந்தில் இன்றும் செய்யப்படும் உதிரிகள், அல்லது உள்ளூர் லேத்.

ராஜபாளையத்தில் மூன்றாவது வழி எளிது. நூற்பாலைகள் இருக்கும் ஊரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஸ்பின்னிங் மில்லில் ஒரு பல்சக்கரத்தை மாற்றி நூலின் முறுக்கை மாற்றும் ஃபிட்டருக்கு, கார் கியரின் விகிதத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பல் கணக்கு அவருக்கு அன்றாடம். ஆனால் அளவு வேறு. தச்சுப் பட்டறையில் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். கியர்பாக்ஸில் நூல் கணக்கு செல்லாது. அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்துப் பேச வேண்டும்.

பிரிப்பதற்கு முன் ஓட்டிக் கேட்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையிலான சாலை இதற்குப் போதும். முதல் மூன்று கியரிலும் முனகி, டாப்பில் அடங்கினால் குறை கௌண்டர் ஷாஃப்ட் பக்கம்: டாப் கியரில் விசை எஞ்சினிலிருந்து நேராகப் பின்னால் போகிறது, கௌண்டர் ஷாஃப்ட் சும்மா சுழல்கிறதே தவிரச் சுமை தூக்குவதில்லை. வண்டி நிற்கையில் நியூட்ரலிலும் சத்தம் கேட்டு, கிளட்சை மிதித்ததும் நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது முன் பேரிங்கை. மாற்றும்போது கரகரப்பது சிங்க்ரோ வளையம். காலை எடுத்ததும் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் ஹப், ஃபோர்க், அல்லது அதைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங். முதல் கியருக்கு மட்டும் இந்த விசாரணை வேண்டாம். அதில் சிங்க்ரோ கிடையாது. ஓட்டத்தில் போட்டால் கத்தத்தான் செய்யும். பழைய லாரி ஓட்டியவர்கள் டபுள் கிளட்ச் போட்டுச் சத்தமில்லாமல் இறக்குவார்கள்.

உள்ளே போனபின் பொறுமைக்குச் சோதனை இரண்டு இடத்தில். ஒன்று, கௌண்டர் ஷாஃப்டை உருவுவது. அப்படியே உருவினால் பல்சக்கரத் தொகுதியும் இருபுறத்துத் தள்ளு வாஷர்களும் நிலைகுலையும். அதே தடிமனில், பெட்டிக்குள் அடங்கும் நீளத்தில் ஒரு பொய் ஷாஃப்டை லேத்தில் கடைந்து, அதைக் கொண்டே அசலைத் தள்ளி வெளியேற்றுவது வழக்கம். தொகுதி மெல்லப் பெட்டியின் அடியில் இறங்கிப் படுக்கும். மேலே உள்ள மெயின் ஷாஃப்ட் வெளியே வர வழி கிடைக்கும். இரண்டாவது, சிங்க்ரோ ஹப். அதன் உள்ளே ஸ்பிரிங்கின்மேல் உட்கார்ந்த சிறு குண்டுகள் இருக்கின்றன. வெளிவளையத்தை இழுத்த கணத்தில் அவை தெறித்துப் பட்டறையின் எந்த மூலைக்கும் போகும். ஹப்பைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிக்கொண்டுதான் இழுக்க வேண்டும். அப்போதும் துணியை உதறாமல் விரித்து எண்ணுவது நல்லது.

சிங்க்ரோ வளையம் பித்தளை. உட்புறத்தில் மயிரிழைபோல் வரிகள் ஓடும். கூம்பின்மேல் படர்ந்த ஆயிலை அறுத்துப் பிடிப்பது அந்த வரிகள்தான். நகத்தால் நெருடிப் பார்த்தால் கூர்மை தெரிய வேண்டும். வளையத்தைக் கூம்பில் கையால் அழுத்தி, அதற்கும் கியரின் பற்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, புது வளையத்தின் இடைவெளியோடு ஒப்பிட வேண்டும். வளையம் தேயத் தேய இடைவெளி குறையும். ஒட்டிப்போனால் வளையத்துக்கு ஆயுள் முடிந்தது. பற்களில் லேசான தேய்மானம் இருந்தால் விட்டுவிடலாம். ஜோடியாகத் தேய்ந்து பழகிய இரண்டு சக்கரங்களில் ஒன்றை மட்டும் புதிதாக்கினால் முன்பில்லாத சத்தம் பிறப்பதும் உண்டு. பேரிங்கையும் ஆயில் சீலையும் மட்டும் யோசிக்காமல் மாற்ற வேண்டும். ஆயில் வாங்கும்போது '90 நம்பர்' என்று கேட்டால் போதாது, ஜி.எல்.-4 என்று கேட்க வேண்டும். ஜி.எல்.-5-இல் கந்தகக் கலவை மிகுதி. பித்தளை வளையத்துக்கு அது ஆகாது என்பது பழைய வண்டிக்காரர்களின் எச்சரிக்கை.

இனி பிரேக். பட்டறைகளில் பணமும் நாளும் கியர்பாக்ஸுக்குப் போய், பிரேக்குக்கு மீதிதான் வருகிறது. இருக்க வேண்டியது தலைகீழ். கியர்பாக்ஸ் சாவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே புலம்பும். பிரேக் ஆயில் நிறைந்த குழாய் அப்படிப் புலம்பாது. அதிலும் இந்த வண்டிக்கு ஒரே சர்க்யூட்: நான்கு சக்கரத்தில் எந்த ஒன்றின் சிலிண்டரில் ரப்பர் கப் கிழிந்தாலும் பெடல் தரையைத் தொடும், மிச்சம் கேபிளில் ஓடும் ஹேண்ட்பிரேக் மட்டுமே. எனவே கியர்பாக்ஸில் பழையதைக் காப்பாற்றுவது சாமர்த்தியம் என்றால், பிரேக்கில் பழைய ரப்பர் ஒன்றைக்கூட விட்டுவைப்பது கஞ்சத்தனம்.

டிரம் பிரேக்கின் தத்துவத்தை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு ஆடிப்பூரத் தேரை வைத்தே சொல்லிவிடலாம். தேர்ச்சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கொடுப்பவர் தேரைத் தன் பலத்தால் நிறுத்துவதில்லை. உருளும் சக்கரமே கட்டையின்மேல் ஏறி, தன்னையே இறுக்கிக்கொள்கிறது. டிரம்மின் முன்னோடும் ஷூவும் அப்படித்தான். டிரம்மின் சுழற்சி அதைத் தன்னோடு இழுத்து மேலும் அழுத்துகிறது. ஜோடியில் அந்த ஷூவின் லைனிங் முதலில் தேய்வதும் அதனால்தான்.

பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே கொள்ள வேண்டும். டிரம்மைக் கழற்றியதும் ஏர் அடித்துத் தூசியை ஊதும் பழக்கம் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைப்பதே முறை. டிரம்மில் கோடு விழுந்திருந்தால் கடைசல் பிடிக்கலாம். ஒரே அச்சின் இரு டிரம்மையும் ஒரே அளவுக்குக் கடையாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். துருப்பிடித்துக் குழி விழுந்த மாஸ்டர் சிலிண்டரை எமரித் தாளில் தேய்த்துப் புதுக் கிட் போடுவது சில மாதம்தான் தாங்கும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் இறக்கி ஹோன் செய்வதே வேலை. பின்சக்கரச் சிலிண்டர் தட்டில் நகர்ந்து கொடுக்க வேண்டும். அது துருவில் இறுகினால் ஒரு ஷூ மட்டும் வேலை செய்யும்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகைக்குக் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறியபின் 140 வரை இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் அது ஆவியானால் பெடல் பஞ்சாகும். ஆகவே திறந்து பாதி வைத்த டப்பாவைப் பயன்படுத்தக் கூடாது. ஏர் எடுப்பது தூரத்துச் சக்கரத்தில் தொடங்கும்: ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட, பாட்டிலில் குமிழி நிற்கும்வரை. பழைய மாஸ்டர் சிலிண்டராக இருந்தால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைப்பது நல்லது. அன்றாடம் பாதி தூரமே போய்ப் பழகிய கப் அடிவரை இறங்கினால், இதுவரை தொடாத துருவில் உரசிக் கிழியும். நேற்றுவரை நன்றாக இருந்த சிலிண்டர் ஏர் எடுத்த மறுநாள் ஒழுகுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஓட்டிப் பார்ப்பது சமதரையில் தொடங்கி, தென்காசி, செங்கோட்டை தாண்டி, புளியரையின் எஸ் வளைவு இறக்கத்தில் முடியலாம். அங்கே இரண்டாம் கியரில் எஞ்சின் வண்டியைப் பிடிக்க, பிரேக்குக்குக் கொஞ்சமே வேலை இருக்க வேண்டும். கீழே வந்ததும் நான்கு டிரம்மின் அருகிலும் கையைக் கொண்டுபோக வேண்டும். முன் இரண்டும் தமக்குள் ஒரே சூடாகவும், பின் இரண்டும் தமக்குள் ஒரே சூடாகவும் இருந்தால் சரி. ஒன்று மட்டும் தகித்தால் அதன் ஷூ விடாமல் உரசுகிறது; பின்புறத் தட்டிலுள்ள சதுரத் தலை அட்ஜஸ்டரை ஒரு கிளிக் தளர்த்தி மறுபடி ஓட்ட வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டர் ஆனபின் கியர் ஆயிலை வடித்து வெயிலில் பிடித்துப் பார்த்தால், புது வளையங்கள் பழகிய பித்தளைப் பொடி பொன்னிறமாக மின்னும். அதில் இரும்புச் சில் தென்பட்டால் டனல் மூடியை மறுபடி கழற்ற வேண்டியதுதான்.